எண்ணெய் போன வழி

தார் ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கினால் அதில் ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மிதக்கும் என்பது இன்றைக்குக் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. மழை பெய்தால் ரோடு கறுப்பாக நனைந்து கறுப்பாகவே காய்ந்த காலம் ஒன்று இருந்தது, அந்தக் காலம் முடிந்துபோனது ஊஞ்சவலசில், எலந்தமரத்து வளைவில், ஐப்பசி மாதத்து வெயில் உச்சியில் நின்ற ஒரு பகலில்.

ஊஞ்சவலசு லாரிக்காரர்களின் ஊர். கிணறுகள் ஆழம் போய், ஆழத்திலும் பாறையே வந்தபோது ஆம்பளைகள் ஏரை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் அந்த ஊர்ப் பொம்பளைகள் நாக்பூரையும் கட்டாக்கையும் குவஹாத்தியையும் பக்கத்துச் சந்தையைச் சொல்வதுபோலச் சொல்லப் பழகினார்கள். வடக்கே போன ஆள் திரும்பி வரும்போது வீட்டுக்குள் அப்படியே நுழைந்துவிட முடியாது. பெண்டாட்டி வாசலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவன் முதல் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிச்சத்தைக் குடிக்க வேண்டும், அப்போதுதான் அவன் உடம்பில் ஏறியிருக்கிற அத்தனை மைலும் இறங்கும். அதற்கு ரோடு இறக்குவது என்று பேர். சொந்த ஊர் ஆள் என்று மட்டும் இல்லை. எந்த மாநிலத்து லாரி வளைவில் நின்றாலும், எந்தப் பாஷைக்காரன் இறங்கி வந்தாலும், முதலில் அவன் கைக்குத் தண்ணீர் போய்விடும். தண்ணீர் கேட்க வேண்டிய நிலையில் ஒரு டிரைவரை நிறுத்தி வைப்பதை அந்த ஊர் கேவலமாக நினைத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைக் கேட்க வேண்டும்.

வளைவுக்கு முதல் வீடு பாவாயியின் வீடு. அவள் புருசன் தங்கமுத்து அப்போது இந்தூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தான். தீபாவளிக்குச் சில நாள் இருந்தது. பாவாயி திண்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது மலை சாய்ந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். துறைமுகத்திலிருந்து சமையல் எண்ணெய் ஏற்றி வந்த டேங்கர் ஒன்று வளைவில் பக்கவாட்டில் கிடந்தது. லாரிக்காரன் பெண்டாட்டிக்கு அந்த நேரத்தில் என்ன செய்யத் தோன்றுமோ அது அவளுக்கும் தோன்றியது. புருசனுக்கு ரோடு இறக்குகிற பித்தளைச் சொம்பை எடுத்தாள், பானையில் முக்கினாள், ஓடினாள்.

கேபின் நசுங்கி, அதற்குள் ஒரு ஆள் சிக்கியிருந்தான். தாடி வைத்த வடக்கத்தி ஆள். உடைந்த கண்ணாடி வழியாக ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. ‘பானி’ என்றான். தங்கமுத்து வடக்கிலிருந்து கொண்டுவந்து வீட்டில் போட்டிருந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. தண்ணீர். பாவாயிக்கு நன்றாகவே தெரிந்த வார்த்தை.

பின்னாலேயே ஊர் வந்தது. ஊரைப் பற்றி இல்லாததைச் சொல்லக் கூடாது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தது ஊர்த்தலைவர் சென்னியப்பன்தான், கடப்பாரை போட்டுக் கேபினை நெம்பிப் பார்த்தது நாலு ஆம்பளைகள்தான், நெம்ப முடியாது என்று தெரிந்தபோது தலையில் கை வைத்து நின்றதும் அவர்கள்தான். அப்படி நின்றிருந்த நேரத்தில் டேங்கரின் வயிற்றிலிருந்து வந்த எண்ணெய் அவர்கள் கால் விரல்களைத் தொட்டது. வெதுவெதுப்பாக, பொன் நிறத்தில், அவசரமில்லாமல் வந்து தொட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“வீணாப் போவுதே” என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அது தன் குரல் மாதிரிதான் கேட்டது.

அதற்கப்புறம் குடம் வந்தது, அண்டா வந்தது, பக்கெட்டும் தூக்குப்போசியும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டியும் வந்தன. மாமியாரும் மருமகளும் பேச்சு வார்த்தை இல்லாத வீடுகளில்கூட ஒருத்தி மொள்ள ஒருத்தி சுமந்தாள். பாவாயி சொம்புத் தண்ணீரோடு கேபினுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள். எதிர்வீட்டு அத்தாயி இரண்டு கையிலும் குடத்தோடு அவளை உரசிக்கொண்டு போனாள்.

“ஏ பாவாயி, கையில போசிய வெச்சுக்கிட்டு எதுக்குடி நிக்கற? வேடிக்கை பார்க்கறவளுக்கு ஊத்திக் குடுக்க இங்க ஆள் வெச்சிருக்குதா?”

ஒரு சொம்புதானே, என்று பாவாயி நினைத்தாள். இதில் எண்ணெய் மொண்டு வீட்டில் வைத்துவிட்டு, வேறு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு ஓடி வந்துவிடலாம். அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது. நினைத்து முடிக்கும்போது சொம்பு சாய்ந்துவிட்டிருந்தது. தண்ணீர் ரோட்டில் விழுந்தது, எண்ணெயோடு சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் ஒரு நிறம் கண் திறப்பதுபோலத் திறந்தது; ஊதா, அதைச் சுற்றிப் பச்சை, அதைச் சுற்றி மஞ்சள். உலகத்தில் அதை முதலில் பார்த்தவள் அவள்தான். பார்த்துக்கொண்டே எண்ணெய் மொண்டாள். வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் இருந்தது தண்ணீர் இல்லை, பெரிய குடம். கண்ணாடி வழியே நீண்டிருந்த கை இருக்கிற பக்கத்தை விட்டு, டேங்கரின் மறுபக்கமாகப் போய் மொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது ரோட்டில் மொள்ளுகிற அளவுக்கு எண்ணெய் இல்லை. அந்த ஆள் வழியிலேயே போய்விட்டான் என்று மறுநாள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், இத்தனை டன் எண்ணெய் எங்கே போயிற்று என்று கேட்டார்.

“மண்ணு குடிச்சிருச்சுங்க” என்றார் சென்னியப்பன்.

“அவரு ஒண்ணும் பேசலீங்களா, டிரைவரு?”

“பேசினாருங்க. என்ன பாஷையோ, ஒருத்தருக்கும் வெளங்கலைங்க.”

கூட்டத்தில் நின்ற பாவாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவளோடு நின்ற லாரிக்காரர் பெண்டாட்டிகள் அத்தனை பேரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு ஊஞ்சவலசில் அடுப்பு அணையவில்லை. முறுக்கும் அதிரசமும் தட்டுவடையும் கூடை கூடையாக வெந்தன, வாசனை பக்கத்து ஊர் வரைக்கும் போனது. லாரிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். தங்கமுத்துவும் வந்தான். பாவாயி புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த அதே சொம்பில் அவனுக்கு ரோடு இறக்கினாள். அவன் முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “இந்த வருசம் உன்ற கைக்கு என்ன வந்துச்சு புள்ள, வெச்ச எடத்துல கரையுது” என்றான். கிளம்பும்போது ஒரு டின் நிறைய வாங்கிப் போனான், வழியில் கூட்டாளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று.

அவர்கள் எல்லோரும் போன பிறகு மழை வந்தது.

முதல் தூறலில் எலந்தமரத்து வளைவில், பாவாயி தண்ணீர் ஊற்றிய இடத்தில், அந்த நிறம் மறுபடி கண் திறந்தது. பிறகு நகர ஆரம்பித்தது. மேடு பள்ளம் பார்க்காமல், தண்ணீர் ஓடுகிற திசைக்கு எதிராகக்கூட, வழி கேட்டுப் போகிற விருந்தாளி மாதிரி நிதானமாகப் போய், எண்ணெய் மொண்ட ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் நின்றது. குடத்தில் மொண்ட வீட்டுக்குக் குடத்தின் அகலம், தொட்டியில் மொண்ட வீட்டுக்குத் தொட்டியின் அகலம். சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், சாணி போட்டு மெழுகினார்கள், பினாயில் ஊற்றினார்கள். வெயில் அடித்தால் மறைந்தது, அடுத்த மழையில் அதே படியில் அதே அகலத்தில் வந்து நின்றது. நடக்கிறவர்களின் கால் தடத்திலும் நிறம் வந்தது. அது வாசலை மிதித்த காலில் ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஊர் பயந்தது கொஞ்ச நாள்தான். பயம் பழகியதும் வெட்கம் வந்தது, வெட்கத்தோடு குடும்பம் நடத்த முடியாதென்று அதைச் சாமர்த்தியமாக மாற்றப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வாசலைவிடத் தன் வாசலில் அகலம் குறைவு என்று சிலர் நிமிர்ந்து நடந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களைக் கோடையில் வரச் சொன்னார்கள். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடியானவர்கள்கூடச் சாமி கும்பிடும்போது மழை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல் வெறுமனே விழுந்து எழுந்தார்கள். காலை உடைத்துக்கொண்டு அந்த மாதம் முழுக்கப் பெண்டாட்டி துணையோடு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்ராயன் வீட்டு வாசல் மட்டும் சுத்தமாக இருந்தது. ஊர் அந்த வீட்டைத்தான் முறைத்தது. கடைசியில் நாட்ராயன் பெண்டாட்டி கடையில் வாங்கிய எண்ணெயை யாரும் பார்க்காத நேரமாகத் தன் வாசலில் கொட்டிப் பார்த்தாள். அது எண்ணெயாகவே கிடந்தது, வழுக்கி விழுந்து நாட்ராயனின் இன்னொரு காலும் முறிந்தது.

கோலம் போடலாம் என்று வழி சொன்னவள் அத்தாயி.

“கலர்ப் பொடில கோலம் போட்டுருங்க. மழையில கலைஞ்சு கலரா ஓடுது, அவ்வளவுதான். யார் வந்து கேட்டாலும் கோலப்பொடி.”

“மழையில எவளாச்சும் கோலம் போடுவாளா?” என்று சென்னியப்பன் கேட்டார்.

“நம்ம ஊர்ல போடுவாளுக. உங்க தாத்தன் காலத்துலிருந்து போடறாளுகன்னு சொல்லுங்க. தலைவருன்னு வேற எதுக்கு இருக்கீங்க?”

அப்படித்தான் ஆயிற்று. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் மற்ற ஊர்களில் துணியை எடுக்க ஓடுவார்கள், ஊஞ்சவலசில் பொடி டப்பாவை எடுக்க ஓடினார்கள். ஒரு கையில் குடை, ஒரு கையில் பொடி. புள்ளி வைத்தால் கரைந்தது, கரைந்த புள்ளி மேலேயே இழை இழுத்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்து, இது என்ன வேண்டுதல் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். போகப் போக அந்த ஊர்ப் பொம்பளைகளுக்கே அது பழைய வழக்கம் மாதிரித் தோன்ற ஆரம்பித்தது. பாவாயிக்கு மட்டும் தோன்றவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் நிறம் வந்து நிற்கிறது என்றால், அவள் வாசலில் அது அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. தங்கமுத்து வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. கோலப்பொடி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள், அரிசி களையும்போதும் மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், வாய்க்குப் பழகிவிட்டது.

தீபாவளிக்கு அப்புறம் போன லாரிகளில் முதலில் திரும்பியது தங்கமுத்துவின் லாரி. கார்த்திகை மாதம், மத்தியானம், நசநசவென்று மழை. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுத் தோளில் பையோடு அவன் நடந்து வருவதைப் பார்த்ததும் தெரு முழுக்கப் பொம்பளைகள் குனிந்து கோலம் போட ஆரம்பித்தார்கள். இவன் வாயை மூடிக்கொண்டால் மற்றவர்களும் மூடிக்கொள்வார்கள் என்று ஊர் கணக்குப் போட்டிருந்தது. ஆனால் அவன் ரோட்டில் நடக்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்துப் புல்லில் கால் வைத்து வந்தான்.

“என்ன தங்கமுத்து, அரசாங்கம் ரோடு போட்டு வெச்சிருக்குது, நீ புல்லுல போற. மேயறதுக்கா?” என்றாள் அத்தாயி.

அவன் சிரித்ததாகப் பேர் பண்ணிவிட்டுத் தன் வாசலுக்கு முன்னால் வந்து, கோலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான். பாவாயி சொம்போடு வந்தாள். தெரிந்துவிட்டது, அதனால்தான் மிதிக்க மாட்டேன் என்று நிற்கிறான், என்று நினைத்தாள். 

“அங்கயே நில்லு புள்ள” என்றான் தங்கமுத்து. “கிட்ட வராத. எனக்கு என்னமோ ஆயிருக்குது.”

புல்லிலிருந்து ஒரு காலை எடுத்து ஈரச் சிமெண்டில் வைத்தான். குதிகாலைச் சுற்றி ஊதா எழுந்தது, அதைச் சுற்றிப் பச்சை, அதைச் சுற்றி மஞ்சள்.

“ஜபல்பூர் தாண்டி மழை. வண்டிய விட்டு எறங்கினேன், கால் வெச்ச எடமெல்லாம் இது. செருப்பை மாத்திப் பார்த்தேன், கால மண்ணெண்ணெயில கழுவிப் பார்த்தேன். டாக்டருகிட்டக் காட்டினா, உனக்குச் சக்கரை இருக்குதான்னு கேக்கறாரு.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “யார் வயித்தெரிச்சலையோ கொட்டிக்கிட்டேன் போல இருக்குது. போன வருசம் ஒரு நாயை அடிச்சுப்போட்டு நிறுத்தாம வந்தேன், உன்கிட்டச் சொல்லலை. கிளீனருக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் வண்டி கழுவச் சொன்னேன். அதுதானா, இல்லை மறந்துபோனது வேற ஏதாச்சுமா, ராத்திரி பகலா ரோசனை பண்ணிக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன். உன்ற வாசலுக்கு இது வந்துரக் கூடாதுன்னுதான் புல்லுலயே வந்தேன்.”

பாவாயி அவன் காலைப் பார்த்தாள். எண்ணெய் போன வழியெல்லாம் நிறம் போகும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. எண்ணெய் அடுப்புக்குப் போனது, அடுப்பிலிருந்து முறுக்குக்குப் போனது, முறுக்கிலிருந்து இவன் வாய்க்குப் போனது.

எதிர்வீட்டில் அத்தாயி நிமிர்ந்து, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள். கோலப்பொடி என்று சொல்லு. தெரு முழுக்கக் குனிந்திருந்த முதுகுகள் கேட்டுக்கொண்டிருந்தன. சொன்னால் போதும், கோலப்பொடி காலில் ஒட்டியிருக்குது, உள்ளே வாங்க என்று சொன்னால், அவன் நாயையும் கிளீனரையும் நினைத்துக்கொண்டு சாகும்வரை புல்லில் நடப்பான். அந்த வார்த்தை அவள் வாய்க்குள் தயாராக இருந்தது. பழகி வைத்த வார்த்தை.

பாவாயி காலால் கோலத்தைத் தேய்த்தாள். பொடி கரைந்து ஓடியது. ஓடிய பிறகும் குடத்தின் அகலத்துக்கு நிறம் படியில் அப்படியே நின்றது.

“இது கோலம் இல்லீங்க” என்றாள். “உங்களுக்கும் ஒண்ணும் ஆகலை.”

சொன்னாள். டேங்கர் விழுந்ததை, ஊர் மொண்டதை, பலகாரம் சுட்டதை, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். அவன் எல்லாம் முடிந்த பிறகு கேட்டான்.

“அந்த டிரைவர் ஏதாச்சும் கேட்டானா?”

“பானின்னு கேட்டாருங்க.”

“குடுத்தியா?”

“கொண்டு போனேன்.” அவள் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். “இதுலதான் கொண்டு போனேன். கீழ ஊத்திட்டு எண்ணெய் மொண்டேன்.”

தங்கமுத்து திட்டவில்லை. கை ஓங்கியிருந்தால்கூட அவள் தலை நிமிர்ந்து வாங்கியிருப்பாள். அவன் பையைக் கீழே வைத்து, அதைத் திறந்து, காலி டின்னை வெளியே எடுத்து, அதன் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பங்கு வெச்சுட்டேனே” என்றான். “டின்னு முழுசையும் பங்கு வெச்சுட்டேன். கட்டாக்குக்காரனுக்கு, விஜயவாடா பாய்க்கு, அந்தத் தாபாவுல சப்பாத்தி போடற பொம்பளைக்கு. பஞ்சாப்காரன் குர்மேல், உனக்குச் சொல்லியிருக்கறனே, என்ற டயர் வெடிச்சப்ப ஒரு பகல் பூரா கூட நின்னான்னு, அவன் ஒரு கை நெறைய எடுத்துக்கிட்டான். புள்ளைக்குன்னு துண்டுல முடிஞ்சு எடுத்துக்கிட்டான்.”

அதற்கப்புறம் அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். இந்தத் தடவை ரோட்டில் ஏறி, நடு ரோட்டில், கால் வைத்த இடமெல்லாம் நிறம் மலர நடந்து போனான். ரோடு இறக்காமலே போனான். சொம்பு நிறையத் தண்ணீர் அவள் கையில் அப்படியே இருந்தது, மழை அதில் பெய்து வழிந்தது.

ஊர் பாவாயியிடம் கொஞ்ச காலம் பேசவில்லை. ஒரே வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியதைச் சந்தியில் இழுத்துவிட்டாள் என்று அத்தாயி தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். ஆனால் அடுத்தடுத்து வந்த லாரிக்காரர்கள் ஒவ்வொருவனும் புல்லில்தான் நடந்து வந்தான், ஒவ்வொருவனும் ஏதோ ஒரு நாயை, ஏதோ ஒரு சின்னத் தப்பைச் சுமந்துகொண்டு வந்தான். அப்படி வந்து நிற்கிறவன் முகத்தைப் பார்த்துக் கோலப்பொடி என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அத்தாயியாலும் முடியவில்லை. மழைக்கோலம் அந்தக் கார்த்திகையோடு நின்றது.

லாரிக்காரர்கள் பங்கு வைத்ததை வாங்கியவர்கள் அதை வேறு யாருக்கோ பங்கு வைத்திருந்தார்கள். அப்படித்தான் அந்த நிறம் ஊஞ்சவலசை விட்டுப் போய், பேர் தெரியாத ஊர்களின் ரோடுகளிலெல்லாம் மழைக்கு மழை எழுந்தது. அதை அழகு என்று குனிந்து பார்க்கிறவர்கள் உண்டு. ஊஞ்சவலசு ஆட்கள் எந்த ஊரில் அதைப் பார்த்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு ஓரமாகப் போவார்கள்.

தங்கமுத்து தன்னிடம் முறுக்கு வாங்கிய ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான், இது உன் தப்பு இல்லை, என் வீட்டிலிருந்து வந்தது என்று. லோடு கிடைக்கிற திசையில் போகாமல் ஆள் இருக்கிற திசையில் போகிறான். இன்னும் எல்லோரையும் பார்த்து முடிக்கவில்லை. வீட்டுக்குப் போன் மட்டும் செய்வான், மாட்டைப் பற்றிக் கேட்பான், வைத்துவிடுவான். எப்போது வருவீர்கள் என்று பாவாயி கேட்டதில்லை.

ஒரு ஆடி மாதத்துச் சாயங்காலம் போன் வந்தது. அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம்.

“குர்மேலைப் பார்த்துட்டேன்” என்றான். “அவன் ஊட்டுக்கே வந்துட்டேன். வாசல்ல உக்காந்து புள்ள காலைச் செங்கல் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தான்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். எல்லாம் சொன்னேன். தண்ணியக் கீழ ஊத்தினதையும் சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”



“ஒண்ணும் சொல்லலை. உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து குடுத்தான்” என்றான் தங்கமுத்து. “கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன்.”